பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு சஸ்பென்ஷன் எப்போ மாத்தணும்?

பழைய கார் வச்சிருக்கிறவங்ககிட்ட சஸ்பென்ஷன் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு கட்சி இருக்கு. முதல் கட்சி, "ஓடுற வரைக்கும் ஓடட்டும், உடைஞ்சா பாத்துக்கலாம்". இரண்டாவது கட்சி, "80 ஆயிரம் கி.மீ. ஆயிடுச்சா? எல்லாத்தையும் கழட்டிப் போடு, புதுசு மாத்து". எங்க மாமா முதல் கட்சி. என் கிளாஸ்மேட் ஒருத்தன் (கார் பத்திரிகை எதையும் விடாமல் படிப்பவன்) இரண்டாவது கட்சி. என் கட்சி மூன்றாவது. இரண்டு பேரும் காரை ஒரே ஒரு பொருளாகப் பார்க்கிறார்கள், அதுதான் கோளாறு என்பது என் வாதம்.

நான் மெக்கானிக் இல்லை, பி.காம் படிக்கிறவன். ஆனால் இந்த விஷயத்தில் பாதி மெக்கானிக் வேலை, மீதி கணக்கு. அந்த மீதிப் பாதியைப் பேச எனக்கும் உரிமை இருக்குன்னு நினைக்கிறேன் :-)

முதலில், ஸ்போர்ட்ஸ் கார்னா எது?

ராயகிரியில் நின்றுகொண்டு போர்ஷே, ஃபெராரி என்று எழுதினால் சிவகிரிக்காரன் கூட சிரிப்பான். நம்ம ஊர்ப் பக்கம் "ஸ்போர்ட்ஸ் கார்" என்று ஒருவன் ஆசை ஆசையாக வைத்திருப்பது என்ன? 2000களின் தொடக்கத்தில் வந்த ஃபோர்டு ஐகான் 1.6 பெட்ரோல், ஹோண்டா சிட்டி விடெக், ஃபியட் பாலியோ 1.6, இல்லையென்றால் ஒரு மாருதி எஸ்டீம். எஸ்டீம் என்றதும் சிரிக்க வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் வருஷக்கணக்கில் ரேஸ் ஓடிய கார் அது. இவையெல்லாம் நாலு பேர் உட்காரும் குடும்பக் கார்கள்தான். ஆனால் எடை குறைவு, எஞ்சினில் சக்தி அதிகம், வளைவில் விட்டால் சொன்ன பேச்சு கேட்கும். அதனால்தான் இருபது வருஷம் கழித்தும் இவற்றைத் தேடி வாங்குகிறார்கள்.

மாமாவிடம் இருப்பது 2003 மாடல் ஐகான் 1.6. செங்கல்பட்டு பக்கம் மறைமலை நகரில் பிறந்த கார். ஐகான் 1999ல் வந்தபோது "ஜோஷ் மெஷின்" என்று விளம்பரம் செய்தார்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கியது, ஓடியது ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். மாமா இதில்தான் வருஷா வருஷம் அத்தை, பிள்ளைகளோடு ஆரியங்காவு, அச்சன்கோவில் போவார். குற்றால சீசனில் வாரம் ஒரு தடவை. அதாவது மலையேறி இறங்கும் கார், உள்ளே அஞ்சு பேர். இதை மனசில் வச்சுக்கிட்டு மேலே படிங்க.

சஸ்பென்ஷனுக்குள் என்ன இருக்கு

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஸ்பிரிங் அமுங்கி எழும்பும்போது அது குதித்துக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். சக்கரத்தை அதன் இடத்தில் பிடித்து வைத்திருப்பது லோயர் ஆர்ம். ஆர்ம் பாடியோடு சேரும் இடத்தில் ரப்பர் புஷ். ஆர்ம் சக்கரத்தோடு சேரும் இடத்தில் பால் ஜாயிண்ட். ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரத்தை இழுப்பது டை ராட்.

நிறைய பேர் ஷாக் அப்சார்பர்தான் காரைத் தாங்குகிறது என்று நினைக்கிறார்கள். இல்லை. அதன் வேலை டயரை ரோட்டோடு ஒட்டி வைப்பது. ஷாக் அப்சார்பர் செத்துப்போனால் பள்ளத்தில் விழுந்து எழுந்த டயர் தரையை விட்டுத் துள்ளும். துள்ளுகிற டயருக்கு ஏது பிரேக்? நீங்கள் என்னதான் மிதித்தாலும் தரையில் இல்லாத டயர் காரை நிறுத்தாது. ஆக இது வெறும் சொகுசு சமாச்சாரம் இல்லை.

"ஓடுற வரை ஓடட்டும்" கட்சிக்கு

மாமாவின் வாதம்: "எனக்கு ஒண்ணும் தெரியலையேடே, நல்லாத்தான ஓடுது?"

தெரியாதுதான் மாமா. ஏன்னா இது ஒரே நாளில் கெடுவதில்லை. ஒரு லட்சம் கி.மீ.யில் தினம் ஒரு துளி கெடுகிறது. காரும் மாறுகிறது, அதோடு சேர்ந்து நம் கையும் பழகிவிடுகிறது. வளைவில் கொஞ்சம் சீக்கிரமாகத் திருப்புகிறோம், பிரேக்கைக் கொஞ்சம் முன்னாடியே மிதிக்கிறோம், நம்மை அறியாமலே. புதிதாக ஒருத்தர் வந்து ஓட்டினால் பத்தே நிமிஷத்தில் "என்ன அண்ணாச்சி, வண்டி படகு மாதிரி ஆடுது" என்பார். அதனால் தேய்மானத்துக்கு நம் உணர்வை மட்டும் சாட்சியாக வைத்துக்கொள்ள முடியாது. வருஷத்துக்கு ஒருமுறையாவது அடுத்தவர் கையில் சாவியைக் கொடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று. பொருளாதாரப் பாடத்தில் புறவிளைவு என்று படித்தோமே, ஞாபகம் இருக்கா மக்களே? ஒருவன் செலவை மிச்சம் பண்ணுகிறான், அதன் நஷ்டத்தை சம்பந்தமே இல்லாத இன்னொருவன் சுமக்கிறான். தேய்ந்த பால் ஜாயிண்ட் அதற்கு அசல் உதாரணம். மிச்சம் பண்ணியது கார்க்காரர். ஆனால் புளியங்குடி சந்தைக்கு எலுமிச்சை மூட்டையோடு டிவிஎஸ் ஃபிப்டியில் போகிறவர் முன்னால் அந்தச் சக்கரம் மடங்கினால், நஷ்டம் அவருக்கு. "என் கார், என் பணம், என் இஷ்டம்" என்பது இங்கே செல்லாது.

"80 ஆயிரத்தில் எல்லாம் மாத்து" கட்சிக்கு

50 ஆயிரம் மைல், அதாவது 80 ஆயிரம் கி.மீ. என்ற கணக்கு அமெரிக்காவில் ஷாக் அப்சார்பர் விற்கும் கம்பெனிகள் சொல்லிச் சொல்லிப் பரவியது. விற்கிறவர் சொல்லும் கணக்கு என்பது ஒரு பக்கம். அது அவர்கள் ரோட்டுக்கான கணக்கு என்பது இன்னொரு பக்கம்.

நம் ரோட்டுக்கு வருவோம். வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்று இந்திய சாலைக் காங்கிரஸ் (இது அரசியல் கட்சி இல்லைங்க) 1988லேயே ஒரு வழிகாட்டி போட்டிருக்கிறது: 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் வளைவு, 25 கி.மீ. வேகத்தில் கடக்கலாம். நம் ஊர்த் தெருக்களில் இருப்பதை அளந்து பாருங்கள். ஒரு முழம் அகலத்தில் ஒரு திண்ணையே கட்டி வைத்திருப்பார்கள். அப்புறம் திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலை. சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் என்று ஊருக்கு ஊர் தடுப்பு. செங்கோட்டை தாண்டி கேரளாவுக்குக் கல்லும் மணலும் ஏற்றிப் போகிற டாரஸ் லாரிகள் அழுத்திய பள்ளங்கள். இங்கே ஓடும் 80 ஆயிரமும் நெடுஞ்சாலையில் நேராக ஓடும் 80 ஆயிரமும் ஒன்றா?

தலைகீழாகவும் பாருங்கள். ஷெட்டில் போர்வை போர்த்தி வருஷத்துக்கு இரண்டாயிரம் கி.மீ. மட்டுமே ஓட்டிய கார் ஒன்று விற்பனைக்கு வருகிறது. "அண்ணே 40 ஆயிரம்தான் ஓடியிருக்கு, சஸ்பென்ஷன் புதுசு மாதிரி" என்பார் புரோக்கர். ரப்பருக்குக் கி.மீ. தெரியாது. வெயில், சூடு, காற்றில் உள்ள ஓசோன், எல்லாம் ஓடாத காரின் ரப்பரையும் காயவைத்து வெடிக்க வைக்கும். 20 வருஷ ரப்பர் 20 வருஷ ரப்பர்தான்.

அதனால் மொத்தக் காருக்கும் ஒரே கெடு என்பது அர்த்தமில்லாதது. இதை நம் கம்பெனிகள் சட்டமே ஒப்புக்கொள்கிறது! 2013 சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் கம்பெனி சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் காருக்கு 8 வருஷ ஆயுள் என்று போட்டிருக்கிறது. அதே அட்டவணைதான் சொல்கிறது: ஒரு சொத்தின் ஒரு பகுதி விலையில் கணிசமாகவும் ஆயுளில் வேறாகவும் இருந்தால், அந்தப் பகுதியின் ஆயுளைத் தனியாகக் கணக்கிட வேண்டும். விமானத்துக்கும் அதன் எஞ்சினுக்கும் தனித்தனித் தேய்மானம் போடுவது இப்படித்தான். பரீட்சைக்குப் படித்ததை வீட்டு வாசலில் நிற்கும் காருக்கும் போட்டுப் பார்க்கலாமே.

என் கட்சி: பாகத்துக்குப் பாகம் தனிக் கெடு

1. பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட்: ஆட்டம் தெரிந்தால் அன்றைக்கே. இதில் "கொஞ்சம்தான் ஆடுது" என்ற பேச்சே கிடையாது. கழன்றால் சக்கரம் மடங்கும், இல்லை ஸ்டியரிங் கையில் சும்மா சுற்றும். காரை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு வைத்து, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டணும், பிறகு இடது வலது பிடித்து ஆட்டணும். ஒருவர் ஆட்ட, இன்னொருவர் ஜாயிண்டைப் பார்க்கணும். ரப்பர் மூடி கிழிந்திருந்தாலே போச்சு, உள்ளே மண்ணும் தண்ணீரும் போய்விட்டது என்று அர்த்தம். (ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் தலையை விடாதீங்க, ப்ளீஸ்.)

2. ரப்பர் புஷ், ஸ்ட்ரட் மவுண்ட்: வயதைப் பார்த்து. மேலோட்டமான கீறல் பரவாயில்லை. வெடிப்பு ஆழமாகப் போனாலும், இரும்பை விட்டு ரப்பர் பிரிந்தாலும் மாத்தணும். பிரேக் மிதித்தால் கார் ஒரு பக்கம் இழுப்பது, வேகத்தடையில் "டொக்" என்ற சத்தம், அலைன்மெண்ட் செய்த ரெண்டாம் மாசமே டயர் ஒரு ஓரமாகத் தேய்வது, இவையெல்லாம் அறிகுறி. இது இன்றே செய்ய வேண்டிய வேலை இல்லை, ஆனால் அடுத்த வருஷத்துக்குத் தள்ளவும் கூடாது.

3. ஷாக் அப்சார்பர்: அறிகுறியைப் பார்த்து, ஜோடியாக. பானட்டை அழுத்திவிட்டு எத்தனை தடவை ஆடுகிறது என்று பார்க்கும் பழைய சோதனை, முழுசாகச் செத்ததைத்தான் காட்டும். பாதி செத்தது அதில் பாஸாகிவிடும். மேலே லேசாக எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பயப்பட வேண்டாம். எண்ணெய் வழிந்து மண்ணோடு அப்பியிருந்தால் ஆயுள் முடிந்தது. டயரில் கையைத் தடவினால் மேடு பள்ளமாகத் திட்டுத் திட்டாகத் தேய்ந்திருந்தாலும் அதே தீர்ப்பு. முன்னால் இரண்டும் சேர்த்து, இல்லை பின்னால் இரண்டும் சேர்த்து மாத்தணும். ஒன்று புதிது ஒன்று பழையது என்றால் இடது வளைவில் ஒரு கார், வலது வளைவில் வேறு கார்.

4. ஸ்பிரிங்: உடைந்தால், தொய்ந்தால் மட்டும். சமதரையில் நிறுத்தி நாலு மூலையிலும் உயரத்தை அளந்து பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் தொடாதீர்கள். மெக்கானிக் "கையோட மாத்திடலாம் தம்பி" என்றாலும் கூட.

சத்தம் போடாத பாகம்: ஹெரால்டு பாடம்

"சத்தம் வந்தா பாத்துக்கலாம்" என்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி தயாரித்த கார் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுதான் அது. அதன் அடித்தளத்தை வைத்துத்தான் இங்கிலாந்தில் 1962ல் ஸ்பிட்ஃபயர் என்ற பிரபலமான ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். இரண்டிலும் முன் சக்கரத்தின் கீழ்ப்பக்கம் இன்றைய பால் ஜாயிண்ட்டுக்குப் பதிலாக ட்ரனியன் என்ற ஒரு பாகம் உண்டு. மரை போட்ட இரும்புத் தண்டு ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்த மரையில்தான் திரும்பும். அதற்கு கியர் ஆயில் விட வேண்டும், கிரீஸ் கூடாது. கிரீஸ் இறுகி அடைத்துக்கொள்ளும், மரைக்குள் எண்ணெய் போகாது, தண்ணீர் தங்கி இரும்பு துருப்பிடிக்கும். வெளியே ஒரு சத்தமும் வராது. ஒரு நாள் வண்டியை நிறுத்தும்போதோ வளைவில் திருப்பும்போதோ தண்டு முறிந்து சக்கரம் படுத்துவிடும். இன்றைக்கும் உலகம் முழுக்க ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்கள் முதலில் விசாரிப்பது இதைப் பற்றித்தான்.

சில பாகங்கள் கத்தும். சில பாகங்கள் கத்தாது. கத்துவதற்காகக் காத்திருப்பது ஒரு திட்டமே இல்லை.

கம்பெனியே போன பிறகு?

ஐகான்காரர்களுக்கு இன்னொரு தலைவலி. இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்தது. 2022ல் மறைமலை நகரில் கார் உற்பத்தி நின்றது. ஐகான் அதற்கும் பத்து வருஷம் முன்னாலேயே நின்றுபோன மாடல். ஆக, "உடைஞ்சா பாத்துக்கலாம்" என்றால் உடைந்த அன்று பாகம் கிடைக்காமல், கிடைத்ததை மாட்டுவோம். அவசரத்தில் வாங்குபவனுக்கு விலை பேசும் சக்தி கிடையாது, தரம் பார்க்கும் நேரமும் கிடையாது. நின்றுபோன மாடல் வைத்திருப்பவர்கள் புஷ், ஜாயிண்ட்களை ஒரு செட் முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது. (ரப்பர் மட்டும் வருஷக்கணக்கில் பெட்டியில் கிடக்கக் கூடாது, பெட்டிக்குள்ளும் அதற்கு வயதாகும்.)

வாங்கும்போது பெயர் தெரியாத டப்பாவை வாங்காதீர்கள். ஸ்டியரிங், சஸ்பென்ஷன் ஜாயிண்ட்டுகளுக்கு ராணே, ஷாக் அப்சார்பருக்கு 1961லிருந்து இருக்கும் கேப்ரியல் என்று நம் நாட்டிலேயே பழைய கம்பெனிகள் இருக்கின்றன. உங்கள் மாடலுக்குப் போடுகிறார்களா என்று முதலில் கேளுங்கள். சென்னை புதுப்பேட்டையில் பழைய பாகம் வாங்கலாம். கதவு, லைட், கண்ணாடி, ஏன் ஆல்டர்னேட்டர் கூட வாங்கலாம். ஆனால் பால் ஜாயிண்ட்டும் ஷாக் அப்சார்பரும் பழசு வாங்குவது, அடுத்தவர் தேய்த்துப் போட்ட செருப்பைக் காசு கொடுத்து வாங்குவது மாதிரி.

செலவுக் கணக்கு

சஸ்பென்ஷன் வேலையில் கூலி பெரும்பாலும் கூட்டுச் செலவு. ஷாக் அப்சார்பரைக் கழற்றினால் ஸ்ட்ரட் மவுண்ட், பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர் எல்லாம் கையில் வந்து நிற்கும். அப்போதே மாற்றினால் பாகத்தின் விலை மட்டும்தான். ஆறு மாசம் கழித்து மாற்றினால் அதே கூலியை மறுபடி கொடுக்கணும். எனவே "இது கெட்டுவிட்டதா?" என்பதோடு சேர்த்து "அடுத்த முறை இங்கே கழற்றும் வரை இது தாங்குமா?" என்றும் கேட்க வேண்டும். கழற்றும் இடத்தில் உள்ள மலிவான ரப்பரை எல்லாம் மாற்று. கழற்றாத இடத்தில் நன்றாக இருப்பதைத் தொடாதே. இதுதான் என் சூத்திரம்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று ஒன்றை மட்டும் கவனியுங்கள். லோயர் ஆர்ம் புஷ் போல்டைக் கார் தொங்கிக்கொண்டு இருக்கும்போதே முறுக்கிவிடக் கூடாது. சக்கரம் தரையில் நின்று காரின் எடை அதன் மேல் இறங்கிய பிறகுதான் கடைசி முறுக்கு. தொங்கும்போது முறுக்கினால், கார் தரையில் நிற்கும் நேரமெல்லாம் அந்த ரப்பர் முறுக்கேறியபடியே இருக்கும், சீக்கிரம் கிழியும். "புது புஷ் ஆறு மாசம் கூட வரலை, டூப்ளிகேட்" என்று திட்டப்படும் பல புஷ்கள் டூப்ளிகேட்டே இல்லை. கடைசியில் வீல் அலைன்மெண்ட், மறக்கக் கூடாது.

"காரே எவ்வளவு போகும்? அதுக்கு இவ்வளவு செலவா?" என்ற கேள்வியும் வரும். தப்பான கேள்வி. வாங்கிய விலையும் இன்றைய விற்பனை விலையும் இந்த முடிவுக்குத் தேவையில்லை. இந்தச் செலவு செய்தால் இன்னும் எத்தனை வருஷம் பத்திரமாக ஓடும், செய்யாவிட்டால் அதற்கு மாற்று என்ன, மாற்றுக்கு என்ன செலவு? இதை மட்டும் ஒப்பிடணும். ஸ்ட்ரட் வந்து உட்காரும் இடத்தில் பாடியே துருப்பிடித்து ஓட்டையாகி விட்டதென்றால், அல்லது 15 வருஷ பதிவு முடிந்து புதுப்பிக்க வழியில்லாத நிலையென்றால், அப்போது புது ஷாக் அப்சார்பர் போடுவது வீண். அந்தக் காரை விட்டுவிடுவதுதான் சரி. ஆசைக்காகப் பிணத்துக்கு மருந்து கொடுக்க வேண்டாம்.

மாமா காரில் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். தூக்கிப் பார்த்ததில் இடது பக்க பால் ஜாயிண்ட்டில் ஆட்டம் தெளிவாகத் தெரிந்தது. முன் ஷாக் அப்சார்பர் ஒன்றில் எண்ணெய் வழிந்திருந்தது. பாடியில் துரு இல்லை. லோயர் ஆர்ம் இரண்டு, முன் ஷாக் அப்சார்பர் ஜோடி, மவுண்ட் ஜோடி மாற்றினோம். ஸ்பிரிங்கையும் பின்பக்கத்தையும் தொடவில்லை. கிளாஸ்மேட் சொன்ன முழு செட்டுக்கு ஆகியிருக்கும் செலவில் பாதிகூட ஆகவில்லை. மாமா செங்கோட்டை மலை இறங்கி வந்து சொன்னது ஒரே வார்த்தை: "பரவால்லடே". எங்க மாமா வாயிலிருந்து அது பத்மஸ்ரீ மாதிரி.

கடைசியாக, நம்ம செட்டுக்கு

பழைய விடெக்கோ ஐகானோ வாங்கியதும் நம் பசங்க முதலில் செய்வது என்ன? பெரிய அலாய் வீல், சத்தம் போடும் சைலன்சர், பின்கண்ணாடியில் ஸ்டிக்கர், அப்புறம் ஸ்பிரிங்கை ரெண்டு சுற்று வெட்டி வண்டியைத் தாழ்த்துவது. உள்ளே 20 வருஷ புஷ் வெடித்துக் கிடக்கும். வெட்டிய ஸ்பிரிங்கோடு ஷாக் அப்சார்பர் ஒவ்வொரு வேகத்தடையிலும் அடியில் போய் முட்டும். தோற்றம் ஸ்போர்ட்ஸ் கார், ஓட்டம் மாட்டு வண்டி. இறுக்கமான பாலியூரித்தேன் புஷ் போடலாமா என்றும் கேட்கிறார்கள். ட்ராக்கில் ஓட்டினால் போடுங்கள். நம் ஊர் ரோட்டில் அது ஒவ்வொரு கல்லையும் உங்கள் முதுகெலும்புக்குச் சொல்லும்.

என்னைக் கேட்டால் காசு செலவழிக்கும் வரிசை இதுதான்: பிரேக், டயர், பால் ஜாயிண்ட் மற்றும் டை ராட், ஷாக் அப்சார்பர், புஷ். இதெல்லாம் முடிந்து மிச்சம் இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளுங்கள், நானே வந்து ஒட்டித் தருகிறேன்.

சீசனுக்கு முன்னால், ஜூன் சாரல் தொடங்குவதற்குள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காரை ஜாக்கியில் தூக்கிப் பாருங்கள். ஒரு மணி நேர வேலை. ஐந்தருவிக் கூட்டத்தில் நிற்கிற நேரத்தை விடக் குறைவுதான் :-)